வாங்காமல் விட்ட கணக்கு

பெரிய வீழ்ச்சிகளில் அடிபட்டவர்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள். 2008 ஜனவரி, 2020 மார்ச் என்று தேதியோடு சொல்ல முடியும். சொன்னால் கேட்பவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். கோவையில் சப்-புரோக்கர் அலுவலகத்தில் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்த வருடங்களில் நான் பார்த்தது வேறு. ஆட்களைச் சத்தமில்லாமல் காலி செய்வது பக்கவாட்டுச் சந்தைதான். மூன்று வாரம், நான்கு வாரம் என்று விலை ஒரு பெட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேல் விளிம்பைத் தாண்டியதும் ‘பிரேக்அவுட்’ என்று வாங்குவார்கள். மறுநாள் பெட்டிக்குள் திரும்பிவிடும், ஸ்டாப் லாஸ் அடிக்கும். கீழ் விளிம்பு உடைந்ததும் ஷார்ட் போவார்கள். அதுவும் திரும்பும். ஒவ்வொரு தடவையும் போவது சின்னத் தொகைதான், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவரும்போது பாதி முதல் கரைந்திருக்கும்.

விலை நகராமலேயே போகும் பணமும் இருக்கிறது. நிஃப்டி 25,000, ஒரு லாட் 75 என்று வைத்துக்கொண்டால் ஃபியூச்சர்ஸ் ஒரு லாட்டின் மதிப்பு 18 லட்சத்து 75 ஆயிரம். 2024 அக்டோபரில் உயர்த்திய 0.02 சதவீதப் பரிவர்த்தனை வரிப்படி, விற்கும்போது வரி மட்டும் 375 ரூபாய் ஆனது. புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் எல்லாம் தனி. வாரத்துக்கு மூன்று பொய் சிக்னலில் ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் கண்டதாக செபி கணக்கெடுத்துச் சொன்னது. செய்தியைப் படித்து ஊரே அதிர்ந்தது. எங்கள் மாதிரி அலுவலகங்களில் இருந்தவர்கள் யாரும் அதிர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

பொய் சிக்னல் எங்கிருந்து வருகிறது? யாரோ பெரிய கை நம்மைக் குறிவைத்து இழுக்கிறது என்று நம்புவது சுகமானது. அப்படியும் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான பொய் சிக்னல்கள் நம் கருவியின் கட்டமைப்பிலேயே இருக்கின்றன. 20 நாள் மூவிங் ஆவரேஜ் 50 நாள் ஆவரேஜை மேலே வெட்டினால் வாங்கு என்பது ஒரு விதி. விலைக்கு ஒரு திசை இருக்கும்வரை அது நன்றாகவே வேலை செய்யும். திசை போனதும் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு வெட்டும் சார்ட்டில் ஒரு பச்சை அம்பாகவோ சிவப்பு அம்பாகவோ தெரியும். விதி தப்பாக வேலை செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்கிறது. அதற்குச் சந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு அளவு வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் அதற்கு எடுத்துக்கொண்டது, விலையின் வேகத்தை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டும் ஆர்எஸ்ஐ.

ஆர்எஸ்ஐயை உருவாக்கிய வெல்ஸ் வைல்டர் அமெரிக்கர், இன்ஜினியர். 1978-ல் வெளியிட்ட ஒரே புத்தகத்தில் ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், ஏடிஆர், பாராபாலிக் என்று இன்றைக்கும் எல்லா டெர்மினலிலும் இருக்கும் நான்கைந்து கருவிகளைக் கொடுத்துவிட்டுப் போனவர். அவர் அதை எழுதியது கம்ப்யூட்டர் திரைக்காக அல்ல. தினமும் கட்டம் போட்ட தாளில் கையால் கணக்குப் போடுவதற்கான முறையாகவே கொடுத்தார். (அதே மனிதர் 1987-ல் எழுதிய இன்னொரு புத்தகத்தில் இந்தக் கருவிகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, விலை போகும் திசையிலேயே போ என்கிற அளவுக்கு எளிமைக்கு வந்துவிட்டார். ஆர்எஸ்ஐ வகுப்பு எடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.)

கையால் ஆர்எஸ்ஐ போட்டவர் ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் அலுவலகத்துக்கு நாள் தவறாமல் மூன்றரை மணிக்குமேல், சந்தை முடிந்தபிறகுதான் வருவார். சந்தை நடக்கும்போது வந்தால் கை அரிக்கும் என்பார். நீளவாக்கில் இருக்கும் கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். பங்குக்கு ஒரு பக்கம். முதல் கட்டத்தில் தேதி, அடுத்ததில் முடிவு விலை, அப்புறம் ஏற்றம், இறக்கம், சராசரி ஏற்றம், சராசரி இறக்கம், கடைசிக் கட்டத்தில் ஆர்எஸ்ஐ. பெரிய பொத்தான் வைத்த கால்குலேட்டரில் 13-ஆல் பெருக்கி, இன்றைய எண்ணைக் கூட்டி, 14-ஆல் வகுத்து எழுதுவார். ஏற்றம் பச்சை மை, இறக்கம் சிவப்பு மை.

“சாஃப்ட்வேர்ல ஒரு கிளிக்ல வந்துருமேங்க சார்” என்று ஒருநாள் சொன்னேன்.

“வரும் தம்பி. எண்ணு வரும். அந்த எண்ணு எதனால வந்துச்சுன்னு வராது” என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். கடந்த 14 நாளில் சராசரி ஏற்றம் 12 புள்ளி, சராசரி இறக்கம் 8 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஒன்றரை. 12-ஐ இரண்டின் கூட்டான 20-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஆர்எஸ்ஐ 60. அதாவது 60 என்றால் ஏற்றத்தின் சராசரி இறக்கத்தைப் போல் ஒன்றரை மடங்கு. 50 என்றால் இரண்டும் சமம். 67-ஐ ஒட்டி வந்தால் இரண்டு மடங்கு. இன்றைக்கு 50 புள்ளி ஏறினால் ஏற்றச் சராசரி 14.7 ஆகும், இறக்கச் சராசரி 7.4-ஆகச் சுருங்கும், ஆர்எஸ்ஐ 66-க்குப் போகும். அதே 50 புள்ளி இறங்கினால் 50-க்கு வந்துவிடும். விலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. எப்படி அங்கே வந்தது என்பது மட்டுமே இருக்கிறது.

இது விளங்கியவர்களுக்கு 70-ல் விற்பது, 30-ல் வாங்குவது என்ற பாடம் ஏன் ஆபத்து என்பதும் விளங்கும். 2020 பிப்ரவரி 28-ஆம் தேதி நிஃப்டி 11,201-ல் முடிந்தது. ஆர்எஸ்ஐ 30-க்குக் கீழே. ‘ஓவர்சோல்டு, மலிவு’ என்று வாங்கினவர்கள் மார்ச் 23 அன்று 7,610-ஐப் பார்த்தார்கள். அதே வருடம் நவம்பர் இரண்டாம் வாரத்திலேயே ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டிவிட்டது. குறியீடு அப்போது 12,700-ஐ ஒட்டி. ‘ஓவர்பாட்’ என்று ஷார்ட் போனவர்கள் அடுத்த பிப்ரவரியில் 15,300-ஐப் பார்த்தார்கள். 70 என்பது வேகம் பலமாக இருக்கிறது என்ற தகவல். அதை ‘விற்றுவிடு’ என்று படிப்பது படிப்பவரின் ஆசை. ஆண்ட்ரூ கார்ட்வெல் போன்றவர்கள் பின்னால் இதைத் திருத்திச் சொன்னார்கள்: ஏறும் சந்தையில் ஆர்எஸ்ஐ 40-க்கும் 80-க்கும் நடுவிலும், இறங்கும் சந்தையில் 20-க்கும் 60-க்கும் நடுவிலும் உலவும்.

எங்களுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டுக்கும் பொதுவான இடம், 40 முதல் 60 வரை. பெட்டிக்குள் இருக்கும் பங்கின் ஆர்எஸ்ஐ பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஆகவே நான் வைத்துக்கொண்ட விதி எளியது. விலை 20 நாள் உச்சத்துக்கு மேலே முடிய வேண்டும். அன்றைய முடிவில் ஆர்எஸ்ஐ 60-க்கு மேலே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வாங்கலாம். முதலாவது மட்டும் இருந்தால் விட்டுவிட வேண்டும்.

ஒரு பங்கு 480-க்கும் 510-க்கும் நடுவே பல நாளாகச் சுற்றுகிறது என்று வையுங்கள். ஒருநாள் 512-ல் முடிகிறது. சார்ட்டில் பார்த்தால் அழகான பிரேக்அவுட், கேண்டில் நல்ல பச்சை. ஆர்எஸ்ஐ 56. ஏன் 56-தான்? பெட்டிக்குள் இருந்தபோது இறங்கிய நாட்களில் பத்து, பன்னிரண்டு ரூபாய் என்று விழுந்திருக்கிறது; ஏறிய நாட்களில் மூன்று, நான்கு ரூபாயாக ஊர்ந்திருக்கிறது. விற்கிறவன் வந்தால் மொத்தமாக வருகிறான், வாங்குகிறவன் தயங்கித் தயங்கி வருகிறான். 512 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இன்னொரு பங்கும் இதே பெட்டியில் இருந்து இதே 512-ல் முடிகிறது, ஆர்எஸ்ஐ 64. விழுந்த நாட்களில் கொஞ்சமாக விழுந்து, ஏறிய நாட்களில் நன்றாக ஏறியிருக்கிறது. விலைச் சிக்னல் இரண்டுக்கும் ஒன்றுதான். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எடுக்கச் சொல்வதுதான் ஆர்எஸ்ஐ என்ற ஃபில்டரின் வேலை.

இதுவரை சொன்னது எந்த வகுப்பிலும் கிடைக்கும். கிடைக்காதது அந்தப் பெரியவர் கேட்ட ஒரு கேள்வி.

“வாங்குனதுக்கெல்லாம் கணக்கு எழுதறீங்க தம்பி. வாங்காம விட்டதுக்கு யாரு எழுதறது?”

கணக்கர் அல்லவா. ஃபில்டர் நல்லதா கெட்டதா என்று, வாங்கிய பங்குகளை வைத்து முடிவு செய்கிறோம். அதைச் சொல்ல வேண்டியது அது தடுத்த பங்குகள். தடுத்தவை எல்லாம் பிறகு பெட்டிக்குள் திரும்பியிருந்தால் ஃபில்டர் உழைத்திருக்கிறது. தடுத்தவையும் வாங்கியவையும் ஒரே மாதிரிப் போயிருந்தால், அது வெறும் அலங்காரம். வர்த்தகத்தின் எண்ணிக்கையைக் குறைத்ததோடு சரி. தடுத்தவைதான் அதிகம் ஏறின என்றால் அது நமக்கு எதிரி. வாங்கியவற்றின் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இந்த மூன்றில் எது என்று தெரியாது.

அதற்கப்புறம் நானும் நோட்டு போட்டேன். இடது பக்கம் தேதி, பங்கு, சிக்னல் வந்த விலை, அன்றைய ஆர்எஸ்ஐ, ஏன் விட்டேன் என்ற காரணம் ஒரு சொல்லில். வலது பக்கம் காலியாக இருக்கும். பத்து வர்த்தக நாள் கழித்து வந்து, வாங்கியிருந்தால் ஸ்டாப் லாஸ் அடித்திருக்குமா, இல்லை எவ்வளவு லாபத்தில் இருந்திருக்கும் என்று நிரப்புவது. வலது பக்கத்தை நிரப்புவதுதான் கஷ்டம். இல்லாத பொசிஷனுக்குக் கணக்கெழுத யாருக்கும் மனசு வராது. அதைவிட, நாம் விட்ட பங்கு இருபது சதவீதம் ஏறியிருப்பதை நம் கையாலேயே எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நோட்டு சொன்னவற்றில் சில எதிர்பார்த்தவை. சந்தை பக்கவாட்டில் இருந்த மாதங்களில், விட்டவற்றில் பெரும்பாலானவை திரும்பி வந்திருந்தன. ஃபில்டர் சம்பாதித்துக் கொடுத்திருந்தது. சந்தை ஒரே மூச்சில் ஏறிய காலங்களில் அது செலவுதான் வைத்தது. 60-க்காகக் காத்திருந்து மூன்று சதவீதம் மேலே வாங்கியிருப்போம், இல்லையென்றால் வாங்காமலே இருந்திருப்போம். ஒரு காலத்தை மட்டும் பார்த்து ஆர்எஸ்ஐ பிரமாதம் என்றோ குப்பை என்றோ பேசுகிறவர்களோடு எனக்கு வாதமே வருவதில்லை. எந்த வருடத்துக் கணக்கு என்று மட்டும் கேட்பேன்.

எதிர்பாராதது டைவர்ஜன்ஸ். விலை புது உச்சம் போகிறது, ஆர்எஸ்ஐ பழைய உச்சத்தைத் தாண்டவில்லை என்றால் ஏற்றம் களைத்துவிட்டது என்று அர்த்தம். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், சார்ட்டில் கோடு போட்டுக் காட்டினால் பார்ப்பவர்கள் வாயடைத்துப் போவார்கள். காரணக் கட்டத்தில் ‘டைவர்ஜன்ஸ்’ என்று எழுதி விட்டவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், நல்ல ஏற்றத்தில் இருந்த பங்குகள் வரிசையாக வந்தன. பலமான ட்ரெண்டில் முதல் பாய்ச்சலுக்குத்தான் அதிக வேகம் இருக்கும், அப்புறம் நிதானமாக ஏறும். நிதானமாக ஏறும் காலம் முழுக்க டைவர்ஜன்ஸ் தெரிந்துகொண்டேதான் இருக்கும். கையில் இருக்கும் பங்குக்கு ஸ்டாப் லாஸை மேலே நகர்த்த அது உதவுகிறது. புதிதாக வாங்காமல் இருப்பதற்கு அதை ஒரு காரணமாக நான் இப்போது எடுப்பதில்லை.

இனி, எண்ணே தப்பாக இருக்கும் இடங்கள். ஃபில்டர் என்று ஒன்றை நம்பினால் அதற்குள் என்ன போகிறது என்று பார்த்தாக வேண்டும். நம்மூர்ச் சந்தையில் இதற்கென்றே சில வில்லங்கங்கள் உண்டு.

முதலில் காலை கேப். 15 நிமிட சார்ட்டில் நேற்றைய கடைசி கேண்டில் 25,000-ல் முடிந்தது. இன்று காலை 9.15-க்கு 25,200-ல் திறந்து, விற்பனை வந்து 9.30-க்கு 25,150-ல் முடிகிறது. கேண்டில் சிவப்பு. பதினைந்து நிமிடமும் விற்றிருக்கிறார்கள். ஆனால் ஆர்எஸ்ஐ முடிவு விலையிலிருந்து முடிவு விலைக்குத்தான் கணக்கெடுக்கும். அதற்கு இது 150 புள்ளி ஏற்றம். முன்பு சொன்ன அதே 12, 8 சராசரியில் இதைப் போட்டால் 60-ல் இருந்த ஆர்எஸ்ஐ 75-ஐ ஒட்டி எகிறும். ராத்திரி முழுக்க அமெரிக்கச் சந்தையில் நடந்ததை, பதினைந்து நிமிடத்தில் நடந்த வேகமாகக் காட்டுகிறது. காலை ஒன்பதரைக்கு ‘ஆர்எஸ்ஐ கன்ஃபர்ம் ஆயிருச்சு’ என்று வாங்கி, பத்தரைக்குள் மாட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில்தான் மாட்டுகிறார்கள். இன்ட்ராடே செய்யும்போது முதல் ஒரு மணி நேரம் நான் ஆர்எஸ்ஐயைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது ஒரு மணி நேர சார்ட். நம் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, மொத்தம் 375 நிமிடம். மணிக்கணக்கில் வெட்டினால் ஆறு முழுக் கேண்டில் போக, 3.15 முதல் 3.30 வரை ஒரு துண்டுக் கேண்டில் மிஞ்சும். ஆர்எஸ்ஐக்கு அந்தக் கால் மணி நேரமும் ஒரு கேண்டில்தான், முழு மணி நேரமும் ஒரு கேண்டில்தான். அமெரிக்காவில் எழுதிய புத்தகத்தில் இதற்கு விடை கிடைக்காது. 375-ஐ ஐந்தாகப் பிரித்தால் 75 நிமிடம், மிச்சமில்லாமல் வரும். நம் டிரேடர்கள் பலர் 75 நிமிட சார்ட்டை விரும்புவது இதனால்தான். பார்க்க விசித்திரமான எண், கணக்குக்குச் சுத்தமான எண்.

தினசரி சார்ட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாங்கள் தொழில் கற்ற காலத்தில், தேசியப் பங்குச் சந்தை வெளியிட்ட முடிவு விலை கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையாக இருக்கவில்லை. கடைசி அரை மணி நேரத்து வியாபாரத்தின் எடையிட்ட சராசரியாக இருந்தது. 3.29-க்கு யாரோ இழுத்துவிட்டு 512-ல் கடைசி டிக் வந்திருக்கும். மாலையில் சந்தை வெளியிடும் விலைப் பட்டியலான பவ்காப்பியில் 508.40 என்று வரும். டெர்மினலில் பிரேக்அவுட், பவ்காப்பியில் பெட்டிக்குள். எதை எடுப்பது? நான் பவ்காப்பியை எடுத்தேன், அரை மணி நேரத்துச் சராசரியை இழுப்பது ஒரு டிக்கை இழுப்பதுபோல் சுலபமில்லை என்பதால். எதை எடுத்தாலும் சரி, நாளுக்கொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் ஃபில்டருக்கு அர்த்தமே இல்லை.

போனஸ், ஸ்ப்ளிட் வந்த பங்குகளில் டேட்டாவைச் சரிசெய்யாமல் விட்டால் வேடிக்கைதான். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது, விலை பாதியானது. திருத்தாத சார்ட்டில் அது ஐம்பது சதவீத வீழ்ச்சி. ஆர்எஸ்ஐ அதலபாதாளத்துக்குப் போய், பல வாரம் ஏறவே ஏறாது. பெரிய பங்கு என்பதால் உடனே கண்டுபிடித்துவிடுவோம். யாரும் பார்க்காத சின்னப் பங்கில் இது நடந்தால் ஸ்கேனர் தினமும் ‘ஓவர்சோல்டு’ என்று கொண்டுவந்து நீட்டும்.

சின்னப் பங்கு என்றதும் சர்க்யூட் ஞாபகம் வருகிறது. ஐந்து சதவீத அப்பர் சர்க்யூட்டில் தினமும் பூட்டிக்கிடக்கும் பங்குக்கு ஆர்எஸ்ஐ 90-க்கு மேல் இருக்கும். வேகத்தின் உச்சம்! விற்க ஆளில்லாததால் விலை ஏறுகிறது, வாங்கவும் கிடைக்காது. கிடைக்கிற அன்று அதைக் கொடுப்பவர் யார் என்று யோசிக்க வேண்டும். லோயர் சர்க்யூட் தொடங்கினால் ஸ்டாப் லாஸ் போட்டும் பயனில்லை, ஆர்டர் வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். ஆகவே ஃபியூச்சர்ஸ் பட்டியலில் உள்ள பங்குகளுக்கு வெளியே இந்த ஃபில்டரை நான் எடுத்துக்கொண்டு போவதில்லை.

இரண்டு சாஃப்ட்வேரில் ஒரே பங்குக்கு இரண்டு ஆர்எஸ்ஐ வருகிறது, எது சரி என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கும். வைல்டர் முறையில் பழைய சராசரி ஒவ்வொரு நாளும் பதினான்கில் பதின்மூன்று பங்கு அடுத்த நாளுக்குத் தொடர்கிறது. தொடக்கச் சராசரியின் நிழல் இன்னும் 14 நாள் கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். ஒரு சாஃப்ட்வேர் ஒரு மாத டேட்டாவும் இன்னொன்று ஒரு வருட டேட்டாவும் இழுத்தால் எண் வேறாகத்தான் வரும். நூறு நாளுக்குமேல் டேட்டா இருந்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

இப்போது என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். கேண்டிலே தெரியாத அளவுக்குக் கோடுகள். கீழே ஆர்எஸ்ஐ, ஸ்டொகாஸ்டிக், எம்ஏசிடி என்று மூன்று ஜன்னல்.

“மூணுமே பை காட்டுதுங்ணா. இதுக்கு மேல என்ன கன்ஃபர்மேஷன் வேணும்?”

“மூணும் ஒரே வீட்டு ஆளுங்க தம்பி. அப்பன், மகன், மச்சான் மூணு பேரையும் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெச்சா கோர்ட்டுல எடுபடுமா?”

சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றும் விலையிலிருந்தே, பெரும்பாலும் அதே முடிவு விலையிலிருந்தே பிறக்கின்றன. விலை வேகமாக ஏறினால் மூன்றும் சேர்ந்து ஏறும், விழுந்தால் சேர்ந்து விழும். மூன்று ஃபில்டர் போட்டதாக நினைத்து ஒரே ஃபில்டரை மூன்று தடவை போடுகிறோம். இரண்டாவது சாட்சி வேண்டுமென்றால் விலைக்கு வெளியே போக வேண்டும். நம் சந்தையில் அதற்கு வசதி இருக்கிறது: அன்றைய வியாபாரத்தில் எவ்வளவு டெலிவரி எடுக்கப்பட்டது என்ற சதவீதத்தைத் தினமும் மாலையில் வெளியிடுகிறார்கள். ஃபியூச்சர்ஸில் ஓபன் இன்ட்ரஸ்ட் இருக்கிறது. பிரேக்அவுட் அன்று ஆர்எஸ்ஐ 60-க்கு மேல், டெலிவரியும் வழக்கத்தைவிட அதிகம் என்றால் அவை இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்த சேதி. ஆர்எஸ்ஐ 64, டெலிவரி மட்டும் வழக்கத்தில் பாதி என்றால் அன்றைக்கு வாங்கியவர்கள் அன்றைக்கே விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எதுவும் பிடிக்காத இடங்களும் உண்டு. 2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்பைப் பார்த்து நிஃப்டி புது உச்சத்தில் திறந்து 23,263-ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை, 21,884. ஒரே நாளில் ஆறு சதவீதத்தை ஒட்டிய அடி. அதே வாரம் வெள்ளிக்கிழமை 23,290. திங்களன்று இருந்த இடத்தைத் தாண்டியாயிற்று. கடந்த 14 நாள் விலையை வைத்துக் கணக்கிடும் எண்ணுக்கு வாக்குப் பெட்டிக்குள் இருப்பது எப்படித் தெரியும்? இந்த மாதிரி நாட்களில் லாட்டைக் குறைப்பது ஒன்றுதான் வழி. வேகமாகத் திரும்பும் சந்தையிலும் இதே கதைதான். 2020 மார்ச் 24-ல் 7,511-ஐத் தொட்டுத் திரும்பிய நிஃப்டி ஏப்ரல் 9-ல் 9,100-ஐத் தாண்டியபோதும், மார்ச் மாதத்துப் பெரிய இறக்கங்கள் சராசரியில் கனத்துக்கொண்டிருந்ததால் ஆர்எஸ்ஐ 50-ஐக்கூடப் பிடிக்கவில்லை. 60-க்காகக் காத்திருந்தவர்கள் முதல் 1,500 புள்ளியையும் வேடிக்கைதான் பார்த்தார்கள். நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க ‘விட்டது, ஏறியது’ என்றே இருக்கிறது. அந்த ஏற்றத்தைப் பிடிப்பதற்காக விதியைத் தளர்த்தியிருந்தால், பிப்ரவரி முதல் மார்ச் வரை நடுவில் வந்த ஒவ்வொரு துள்ளலிலும் வாங்கியிருக்க வேண்டும். இதையும் சேர்த்து எழுதிப் பார்த்தபிறகு விதியை மாற்றவில்லை.

அந்தத் தம்பி அடுத்த மாதம் வந்தபோது ஜன்னல்களில் இரண்டை மூடியிருந்தார். பதிலுக்குப் பைத்தானில் புரோகிராம் எழுதி, பத்து வருட டேட்டாவை ஓட்டிவிட்டு வந்திருந்தார்.

“14-க்குப் பதிலா 11, 60-க்குப் பதிலா 63. இந்த செட்டிங்குல பிச்சுக்கிட்டுப் போகுதுங்ணா.”

“10-க்கு 12-க்கு என்ன வருது?”

ஓட்டிப் பார்த்தார். 10-லும் 12-லும் லாபம் பாதிக்குக் கீழே இறங்கியது. 62 வைத்தால் இன்னும் மோசம். 11-ம் 63-ம் அந்தப் பத்து வருடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்று அவருக்கே புரிந்துவிட்டது, நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. 9 முதல் 20 வரை எதை வைத்தாலும் சுமாராக ஒரே மாதிரி வருகிற விதிதான் வேண்டும். அது பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது, லாபமும் அந்த 11, 63 அளவுக்குத் தெரியாது. திரும்பவும் 14-க்கும் 60-க்கும் வந்தார். கூடவே, விட்ட சிக்னல்களையும் தானாகவே ஒரு ஷீட்டில் எழுதி, பத்து நாள் கழித்து வலது பக்கத்தையும் தானே நிரப்புகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டார். மனுஷன் கை நடுங்குகிற வேலையை மெஷினுக்குக் கொடுத்தது நல்ல யோசனை. மில்லில் கணக்கெழுதிய பெரியவர் பார்த்திருந்தால் பச்சை மை, சிவப்பு மை எங்கே என்று கேட்டிருப்பார்.

இப்போது எங்களுக்குள் தகராறு ஸ்டாப் லாஸில். பெட்டியின் நடுக்கோட்டுக்குக் கீழே வைத்தால் போதும் என்கிறேன் நான். இரண்டு ஏடிஆர், அதாவது பங்கு ஒரு நாளில் நகரும் சராசரி தூரத்தைப் போல் இரண்டு மடங்கு, தள்ளி வைக்க வேண்டும் என்கிறார் அவர். அதுவும் வைல்டர்தான், அதே 1978 புத்தகம். போன வாரம் இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், விட்டவற்றுக்கும் சேர்த்து.